செட்டிநாட்டு வீடுகளில் பாடல் காணொளி: கோளாறை அறிகுறி கொண்டு கண்டறிந்து சரிசெய்யும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில் பாடல் காணொளி எடுக்க வரும் சிறு குழுக்களுக்கு ஏற்படும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நீண்ட வீடு, நடுவில் திறந்த வளவு, பளபளக்கும் சுவர், பழைய மின்கம்பி ஆகிய நான்கும்தான் அவற்றில் பலவற்றுக்குப் பின்னணியாக இருக்கின்றன. திரையில் எது தெரிகிறதோ அதையே தலைப்பாக வைத்து, செலவில்லாத காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே சோதித்து வாருங்கள். முதல் இரண்டு சோதனைகளில் தீர்ந்துவிடக்கூடிய கோளாறுக்காக வாடகைக்கு விளக்கு வரவழைப்பதும் மறுபடியும் படம் எடுப்பதும் இங்கே அடிக்கடி நடக்கின்றன.

அறிகுறி 1: உதட்டசைவும் பாட்டும் பொருந்தவில்லை

பதிந்த பாட்டை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு (இதுவே பிளேபேக்), பாடகர் அதோடு சேர்ந்து பாடுவதைத்தான் படம் எடுக்கிறோம். முதலில் எந்த வகையில் பொருந்தவில்லை என்று பிரித்தறிய வேண்டும். இதைச் செய்யாமல் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் கிளிப்பை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பது வீண் வேலை. பாட்டின் தொடக்கத்தில் ஓரிடம், முடிவில் ஓரிடம் என இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ‘ப’ அல்லது ‘ம’ வரும் சொற்களாக இருக்கட்டும். ‘அம்மா’ என்று பாடும்போது இரண்டு உதடுகளும் ஒட்டுகிற ஃபிரேமை ஐயமின்றிக் காட்டிவிடலாம், ‘ஆ’ என்னும் நீண்ட ஒலியில் அப்படிக் காட்ட முடியாது. உதடு ஒட்டும் ஃபிரேமுக்கும் ஒலி அடைபடும் இடத்துக்கும் எத்தனை ஃபிரேம் இடைவெளி என்று இரண்டு இடங்களிலும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

*அ) இரண்டு இடத்திலும் இடைவெளி ஒரே அளவு*

இது எளிதில் தீரும். கிளிப்பை அந்த அளவு நகர்த்தினால் போதும். ஆனால் எல்லா ஷாட்டிலும் இப்படியே வருகிறது என்றால் காரணத்தைத் தேடுங்கள்.

முதல் காரணம் தூரம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டில், ஸ்பீக்கரை முகப்பில் வைத்துவிட்டுப் பாடகரை மூன்றாம் கட்டில் (முகப்பிலிருந்து அடுத்தடுத்து வரும் வீட்டுப் பகுதிகளில் மூன்றாவதில்) நிறுத்தினால் இடைவெளி 34 மீட்டரைத் தொடுவது அரிதன்று. அப்போது ஒலி பத்தில் ஒரு நொடி தாமதமாக, அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் இரண்டரை ஃபிரேம் பிந்திப் பாடகரின் காதை அடைகிறது. கேமராவை ஸ்பீக்கருக்கு அருகிலும் பாடகரைத் தொலைவிலும் வைத்தால் கேமராவில் பதிவாகும் ஒலி ஒரு நேரத்தையும் பாடகரின் உதடு இன்னொரு நேரத்தையும் காட்டும். ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பாடகரோடு கட்டுக்குக் கட்டு நடப்பதுதான் தீர்வு. அதற்கு ஓர் ஆள் போதும்.

இரண்டாவது காரணம் புளூடூத். கம்பியில்லா ஸ்பீக்கர் ஒலியைக் கணிசமான தாமதத்துடன் தருகிறது. கேமராவின் மைக் அந்த ஸ்பீக்கரின் ஒலியையே பதிவு செய்தால் கேடு தெரியாது. ஆனால் ஒரு கேமராவுக்குக் கம்பி வழியாகப் பாட்டைக் கொடுத்துவிட்டுப் பாடகருக்குப் புளூடூத்தில் கொடுத்தால் இரண்டும் ஒருபோதும் சேரா. இடையில் விட்டுவிட்டு ஒலிப்பதும் சேர்ந்துகொள்ளும். படப்பிடிப்புக்குப் புளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நீளக் கம்பியின் விலை மிகக் குறைவு.

மூன்றாவது காரணம் எதிரொலி. கல்தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் சூழ்ந்த வளவில் ஒலி பல முறை திரும்பி வரும். எடிட்டிங் மென்பொருளின் தானியங்கிப் பொருத்தம் அந்த எதிரொலியில் தடுமாறிச் சில கிளிப்புகளைத் தவறான இடத்தில் பொருத்திவிடும். பாட்டுக்கு முன் நான்கு கூர்மையான ‘டிக்’ ஒலிகளைச் சேர்த்த கோப்பைத் தயாரித்து அதையே பிளேபேக்காக ஓட்டுங்கள். ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் அதேபோல் ‘டிக்’ வைத்த தனிக் கோப்புகளும் இருந்தால் பாட்டை நடுவிலிருந்து எடுக்கும்போது கைகொடுக்கும். கையால் தட்டும் கிளாப்பையும் கைவிட வேண்டாம்.

*ஆ) தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகுகிறது*

இங்கே எண்களே வழிகாட்டும். நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் ஏறத்தாழ ஆறு ஃபிரேம், அதாவது கால் நொடி விலகியிருந்தால், 23.976 ஃபிரேமில் எடுத்ததை 24 ஃபிரேம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் ஐயப்படுங்கள். இரண்டுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு, 240 நொடியில் அது 0.24 நொடி ஆகிறது. கிளிப்பின் ஃபிரேம் வேகத்தை மென்பொருளில் சரியாகக் குறிப்பிட்டால் தீர்ந்துவிடும்.

பாட்டு வேகமாக ஓடுவதோடு சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயர்ந்து கேட்டால் ஃபிரேமில் தேட வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த பாட்டை ஏதோ ஒரு கருவி 48 கிலோஹெர்ட்ஸ் என்று கருதி ஓட்டியிருக்கிறது. பாடகரே ‘சுருதி தூக்கலா இருக்கே’ என்று சொல்வார். அவர் சொல்வதைக் கேளுங்கள். படப்பிடிப்புக்கும் எடிட்டிங்குக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு ஒன்றையே பயன்படுத்துவது நல்லது.

விலகல் ஒழுங்கில்லாமல், ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தால் கைபேசியில் எடுத்த கிளிப்பைப் பாருங்கள். கைபேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைத் தாங்களே கூட்டிக் குறைக்கும். ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் போன்ற இலவச மென்பொருள்களில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே டைம்லைனில் இடுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் இசையமைப்பாளரை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: படப்பிடிப்புக்குப் பிறகு பாட்டில் ஏதேனும் மாறியதா? இடையிசையில் ஒரு தாளச் சுற்றைக் குறைத்திருப்பார். அல்லது வேகத்தை ஒரு புள்ளி கூட்டியிருப்பார். கோப்பின் பெயர் மாறியிருக்காது. அப்படியானால் கோளாறு கேமராவிலோ எடிட்டிங்கிலோ இல்லை. பகுதி பகுதியாக வெட்டிப் பொருத்துவதைத் தவிர வேறு வழியுமில்லை. பாட்டு இறுதியான பிறகுதான் படப்பிடிப்புத் தேதியைக் குறிக்க வேண்டும்.

*இ) ஸ்லோ மோஷனில் மட்டும் பொருந்தவில்லை*

25 ஃபிரேம் டைம்லைனில் 50 ஃபிரேம் ஷாட்டை மெதுவாக ஓட்டி, அதில் பாடகர் இயல்பாகப் பாடுவதாகக் காட்ட வேண்டுமென்றால், எடுக்கும்போது பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு இரண்டு நிமிடத்தில் ஓடும். இந்த வேகத்தில் பாடுவதற்குப் பயிற்சி வேண்டும். முந்தைய நாளே கோப்பைப் பாடகருக்கு அனுப்பிவிடுங்கள். வாயால் முடியாத விரைவு வரிகளை ஸ்லோ மோஷனில் எடுக்கத் திட்டமிடாதீர்கள்.

*ஈ) எல்லாம் பொருந்தியும் பொய்யாகத் தெரிகிறது*

பாடகர் உதட்டை மட்டும் அசைத்திருக்கிறார். மூச்சு இழுக்கும்போது தோள் உயர்வதும், மேல் ஸ்தாயியில் கழுத்து நரம்பு புடைப்பதும் இல்லாவிட்டால், ஃபிரேம் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பார்ப்பவர் நம்ப மாட்டார். பிளேபேக் ஒலியைக் கூட்டி, குரல் விட்டே பாடச் சொல்லுங்கள். சுற்றி ஆட்கள் நிற்பதால் கூச்சப்படுகிறார் என்றால் தேவையற்றோரை இரண்டாம் கட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வல்லுநரை அழைக்கும் கட்டம்: நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகும் பாதிக்கு மேற்பட்ட கிளிப்புகள் ஒழுங்கின்றி விலகினால், அனுபவமுள்ள எடிட்டரிடம் மூலக் கோப்புகளையே கொடுங்கள், நீங்கள் மாற்றிய கோப்புகளைக் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி 2: படத்தில் பட்டை ஓடுகிறது, வெளிச்சம் துடிக்கிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, 25 ஃபிரேமுக்கு 1/50 நொடி, 50 ஃபிரேமுக்கு 1/100 நொடி என்று வைத்தால் பெரும்பாலான பட்டைகள் மறைந்துவிடும். கைபேசியிலும் கேமராவிலும் 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான அமைப்பு இருந்தால், அதாவது 30 ஃபிரேமும் 1/60 ஷட்டருமாக ஓடிக்கொண்டிருந்தால், அதுவே முதல் குற்றவாளி.

அதன் பிறகும் துடிக்கிறதா? வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும், முகப்பில் தோரணமாகத் தொங்கவிட்ட மலிவான சீரியல் விளக்கும் அடிக்கடி சிக்கும். எந்த விளக்கை அணைத்ததும் துடிப்பு நிற்கிறதோ அதை மாற்றுங்கள்.

மங்கலாக்கும்போது மட்டும் துடித்தால் அது எல்.இ.டி. விளக்கின் மங்கலாக்கி செய்யும் வேலை. விளக்கை முழு அளவில் எரியவிட்டு, தள்ளி வையுங்கள். அல்லது முன்னால் பட்டர் பேப்பர் கட்டுங்கள். 100 ஃபிரேம் அல்லது 120 ஃபிரேம் ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் வீட்டு விளக்குகளை நம்பாமல் பகல் வெளிச்சத்தில் வளவில் எடுங்கள். செட்டிநாட்டு வீட்டின் பெரும் கொடையே அந்தத் திறந்தவெளி. ஸ்லோ மோஷனுக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் பட்டை மெல்ல மேலேறினால், ஜெனரேட்டர் சரியாக 50 ஹெர்ட்ஸில் ஓடவில்லை. கேமராவில் ஷட்டரை நுட்பமாக மாற்றும் வசதி இருந்தால் பட்டை நிற்கும் இடம் வரை திருப்புங்கள். இல்லையென்றால் ஜெனரேட்டர் ஆளைக் கூப்பிட்டு வேகத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்; நீங்களே அதில் கை வைக்காதீர்கள்.

எடுத்து முடித்த படத்தில் பட்டை தெரிந்தால் துடிப்பு நீக்கும் மென்பொருள் உண்டு. சீரான துடிப்பை நீக்கும், முகத்தின் குறுக்கே ஓடும் தடித்த பட்டையை நீக்காது. அந்த நிலையில் கலரிஸ்ட் (படத்தின் நிறத்தையும் ஒளியையும் திருத்துபவர்) ஒருவரிடம் ஒரே ஒரு கிளிப்பைக் கொடுத்துச் சோதித்த பிறகே முழு வேலையையும் ஒப்படையுங்கள்.

அறிகுறி 3: வளவு வெளுத்துப்போகிறது, முகம் கறுத்துப்போகிறது

இப்பகுதியில் எடுக்கப்படும் பாடல்களில் அதிகம் காணும் குறை இது. வளவை ஒட்டிய கூடமான பட்டாசாலையின் தூணருகே பாடகர் நிற்பார். பின்னால் வெயில் விழுந்த வளவு. அந்த வெளிச்சத்துக்கும் இந்த நிழலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எந்தச் சாதாரணக் கேமராவும் ஒருங்கே தாங்காது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் அநேகமாக நேர் உச்சியில் நிற்கும். அந்நாட்களில் 11 மணி முதல் 2 மணி வரை வளவின் நடுவில் வெயில் செங்குத்தாக இறங்கும். வளவில் நிற்பவரின் கண்குழியும் மூக்கடியும் கருநிழலாகிவிடும். காலையும் மாலையும் வெயில் சரிந்து மேல்மாடிச் சுவரில் விழுந்து, அங்கிருந்து திரும்பி மென்மையாகக் கீழே இறங்குகிறது. அந்த நேரத்தில் விளக்கே இல்லாமல் பட்டாசாலையில் முகம் துலங்கும். அகலமான ஷாட்டுகளை அந்த இரு வேளைகளுக்கும், நண்பகலை அறைகளுக்குள் எடுக்கும் நெருக்க ஷாட்டுகளுக்கும் ஒதுக்கிவிட்டால் இந்தக் கோளாற்றில் பாதி பிறக்கவே பிறக்காது.

நேரத்தை மாற்ற இயலாதென்றால் கேமராவை மாற்றுங்கள். கேமரா வளவுக்குள்ளும் பாடகர் பட்டாசாலை விளிம்பிலுமாக இருந்தால் வெளிச்சம் முகத்துக்கு வருகிறது. பின்னணியாக நிழலில் நிற்கும் தேக்குத் தூணும் செதுக்கிய கதவும் கிடைக்கின்றன. என் பார்வையில் இந்த வீடுகள் அழகாகத் தெரிவதும் இந்தக் கோணத்தில்தான்.

மூன்றாவதாக எக்ஸ்போஷர், அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவு. தானியங்கியை நிறுத்திவிட்டு முகத்தோலுக்கு வைத்துப் பூட்டுங்கள். கைபேசியானால் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். பாடகர் தூணைத் தாண்டி நடக்கும்போது படம் திடீரென்று வெளுத்துக் கறுப்பது இந்த ஒரு செயலால் நின்றுவிடும்.

நான்காவதாக தெர்மாகோல். ஒரு பெரிய பலகையை வளவின் வெயிலில் சாய்த்துப் பிடித்து முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்புங்கள். கண் கூசினால் பலகையைச் சற்று உயர்த்துங்கள். தாழ்வாகப் பிடித்தால் மோவாயிலிருந்து மேலேறும் வெளிச்சம் முகத்தை விகாரப்படுத்தும்.

ஐந்தாவதாக வளவின் மேல் வெள்ளைத் துணி கட்டுவது. சிறிய வளவானால் நான்கைந்து வேட்டிகளை இணைத்துத் தைத்து மேல்மாடிக் கைப்பிடியில் கட்டலாம். ஆனால் கைப்பிடியின் உறுதியை அசைத்துப் பார்த்த பிறகே கட்ட வேண்டும். வீசும் காற்றில் துணி பாயாக உப்பிப் பழைய சுண்ணாம்புச் செதுக்கலைப் பெயர்த்துவிடும். பன்னிரண்டு அடிக்குமேல் சட்டம் கட்ட வேண்டுமென்றாலும், வெயிலுக்கு ஈடாக எச்.எம்.ஐ. எனப்படும் பெரும் பகலொளி விளக்கு வைக்க வேண்டுமென்றாலும், விளக்குக் குழுவையும் அவர்களுடைய ஜெனரேட்டரையும் வரவழையுங்கள். அதற்குக் கீழே எதுவும் நீங்களே செய்யத்தக்கது.

அறிகுறி 4: ஒவ்வொரு ஷாட்டிலும் முகத்தின் நிறம் வேறாக இருக்கிறது

வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் இருக்கிறது. பகலுக்கு 5600 கெல்வின் என்று வைத்துப் பூட்டுங்கள். அதன் பிறகும் ஒரு கன்னம் மஞ்சளாக இருந்தால் உள்ளே குண்டு பல்பு எரிகிறது, அணையுங்கள். மோவாயின் கீழ் மட்டும் சிவப்போ பச்சையோ படர்ந்தால் அது தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லிலிருந்து வருகிறது. வெயில் விழுந்த வண்ணக்கல் தன் நிறத்தை மேல்நோக்கி வீசும். ஃபிரேமுக்கு வெளியே பாடகரின் காலடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தால் உடனே மறையும். சன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே விழும் நிறத்தை மட்டும் குறையாகக் கருதி நீக்காதீர்கள். அதற்காகவே அந்த அறையில் ஒரு ஷாட் திட்டமிடலாம்.

அறிகுறி 5: சுவரிலும் தரையிலும் விளக்கும் ஆட்களும் தெரிகிறார்கள்

செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி போல் மின்னும். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துச் செய்யப்படும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே. முதலில் விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கேமராவை ஓர் அடி உயர்த்துங்கள். போதாவிட்டால் போலரைசர் ஃபில்டர் மாட்டித் திருப்புங்கள்; சாய்ந்த கோணத்தில் பார்க்கும்போது கல்லிலும் சுவரிலும் பிரதிபலிப்பு பெரிதும் அடங்கும், ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சம் குறையும். பட்டாசாலையில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியில் அது பலிக்காது. கண்ணாடியின் சாய்வை மாற்றலாமா என்று வீட்டாரிடம் கேளுங்கள், நீங்களே தொடாதீர்கள்.

இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். சுவரில் டேப் ஒட்டாதீர்கள். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசி மெருகேற்றிய அந்தப் பரப்பு பெயர்ந்தால் அதே மெருகுடன் மீண்டும் பூசத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. டிரைபாடின் முள்முனைகளுக்கு ரப்பர் மாட்டுங்கள். டிராலிச் சட்டத்தின் அடியில் பழைய ஜமுக்காளம் விரியுங்கள். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் ஆச்சி வாசலில் நின்று ‘தரை பத்திரம்ப்பா’ என்று சொல்லும்போது தலையை ஆட்டிவிட்டுப் போகாமல், எந்தக் கல் ஏற்கெனவே விரிந்திருக்கிறது என்று அவரோடு நடந்து பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் எழும் வழக்குகளில் பல அந்தப் படங்களால் தீர்ந்துவிடும்.

அறிகுறி 6: கண்டாங்கிச் சேலையில் அலை அலையாக நெளிகிறது

நெருக்கமான கட்டமும் கோடும் கேமராவின் சென்சாரோடு மோதும்போது இந்த நெளிவு வருகிறது. ஓர் அடி முன்னோ பின்னோ நகர்ந்தால் பெரும்பாலும் மறையும். சிறிய திரையில் தெரியாது. பெரிய மானிட்டரில் சேலையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அகலமான கட்டமுள்ள கண்டாங்கியை முந்தைய நாளே கேமரா முன் விரித்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்தால் சிக்கலே இல்லை. காரைக்குடிக் கண்டாங்கி 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நெசவு. அதைத் தவிர்த்துவிட்டு வேறு சேலைக்குப் போக வேண்டியதில்லை.

அறிகுறி 7: விளக்கு போட்டதும் மின்சாரம் போகிறது

முதலில் கணக்கு. 230 வோல்ட்டில் 1000 வாட் விளக்கு ஒன்று ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். சிறிய 6 ஆம்பியர் பிளக் 1380 வாட்டுக்கும், பெரிய 16 ஆம்பியர் பிளக் 3680 வாட்டுக்கும் மேல் தாங்காது. பழைய கம்பியில் அதில் பாதியை மட்டுமே நம்புங்கள். ஒரே அறையின் இரண்டு பிளக்குகள் ஒரே கம்பியில் இருக்கலாம் என்பதால், எந்த எம்.சி.பி. (சுமை மிகுந்தால் தானே விழும் ஸ்விட்ச்) எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

விழுந்த எம்.சி.பி.யை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். சுமையைக் குறைத்த பிறகும் மீண்டும் விழுந்தால் விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் கம்பி சுருளாகவே கிடக்கிறதா என்று பாருங்கள். சுருட்டி வைத்த கம்பி சுமையில் சூடேறி உருகும், முழுவதும் பிரித்துப் போட வேண்டும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால் அந்த இடத்தை அன்றைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஒரு பக்கம் விளக்கு மங்கி, மறு பக்கம் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. இது விளையாட்டன்று, கருவிகள் எரிந்துபோகும், ஆளுக்கும் ஆபத்து. உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மர உத்தரம் தாங்கும் வீட்டில் பழைய ஃபியூஸில் தடித்த கம்பி சுற்றிச் சமாளிக்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மொத்தச் சுமை 2000 வாட்டைத் தாண்டும் என்று தெரிந்தாலே ஜெனரேட்டரைத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பாட்டு பிளேபேக்கில் ஓடுவதால் அதன் இரைச்சல் படத்தைக் கெடுக்காது.

அறிகுறி 8: நடுவில் ஒருவர் வந்து நிறுத்தச் சொல்கிறார்

இதையும் கோளாறு என்றே சேர்க்கிறேன். ஒரு நாள் முழுவதையும் கொண்டுபோவது இதுதான்.

பழைய வீடு பெரும்பாலும் ஒருவருக்கு உரியதன்று. பங்காளிகள் பலருக்கு உரிமை உண்டு. சிலர் சென்னையிலும் சிலர் வெளிநாட்டிலும் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் சம்மதித்தது போதுமானதன்று. யார் யாருக்குப் பங்கு, யாருடைய அறைகள் பூட்டியிருக்கின்றன, யார் சார்பில் யார் கையெழுத்திடலாம் என்று முன்பே கேட்டு, நாள், நேரம், எந்தக் கட்டு வரை, எத்தனை ஆட்கள், எவ்வளவு தொகை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொங்கல், படைப்பு (முன்னோர் வழிபாடு), திருமணம் ஆகியவற்றுக்கு வீடு நிறையும். அந்நாட்களைத் தவிர்த்துத் தேதி கேளுங்கள். சாமி அறையைக் கேட்காமல் திறக்காதீர்கள். காலணியோடு வளவுக்குள் போகாதீர்கள். படத்தில் காலணி வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வந்து நிறுத்தச் சொல்பவரிடம் வாதிடாமல் கேமராவை இறக்கி, கடிதத்தைக் காட்டி, ஏற்பாடு செய்த பங்காளியோடு தொலைபேசியில் பேச வையுங்கள். அப்போதும் உடன்பாடு வரவில்லையென்றால் வெளியேறுவதே முறை.

கோயில்களில் வீட்டாரின் அனுமதி செல்லாது. அறநிலையத் துறையின் கீழுள்ள கோயிலானால் அத்துறையிடமும், பிள்ளையார்பட்டி போல் நகரத்தார் அறங்காவலர்கள் நடத்தும் கோயிலானால் அவர்களிடமும் எழுத்தில் பெற வேண்டும். திருமயம் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே ‘சும்மா கைபேசியில்தான்’ என்று தொடங்குவதும் சிக்கலில் முடியும்.

அறிகுறி 9: டிரோன் எழ மறுக்கிறது

வளவுக்குள்ளிருந்து எழுப்ப முயல்கிறீர்கள். சுற்றுச்சுவர் செயற்கைக்கோள் சமிக்ஞையை மறைக்கிறது. மேலே போட்டிருக்கும் இரும்பு வலை திசைகாட்டியைக் குழப்புகிறது. தெருமுனையிலோ ஊருணிக் கரையிலோ திறந்த இடத்தில் வைத்து எழுப்புங்கள். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி பறக்கும் பகுதி பச்சை மண்டலமா (முன் அனுமதி தேவையற்ற பகுதியா) என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்க வேண்டும். பச்சை மண்டலத்திலும் 400 அடியே எல்லை. கட்டணம் பெற்று எடுக்கும் வேலைக்கு, 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனானால் சான்றிதழ் பெற்ற ஓட்டுநரையே அமர்த்துங்கள்.

அறிகுறி 10: கேமரா அணைந்துபோகிறது, லென்ஸ் மங்குகிறது, கார்டு பிழை காட்டுகிறது

கேமரா சூடாகி அணைந்தால் ஷாட்டுகளுக்கு இடையே நிழலில் வைத்துத் திரையைப் பிரித்து விடுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவந்த லென்ஸ் பனித்துப்போனால் துடைக்காமல், பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்திருங்கள்.

நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும் என்பதை வைத்துக் கார்டுகளைக் கணக்கிடுங்கள். பிழை காட்டிய கார்டில் மேற்கொண்டு எதையும் பதியாதீர்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேமரா கேட்டால் வேண்டாம் என்று சொல்லிக் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். மீட்பு மென்பொருளை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மீண்ட கோப்புகளை வேறு வட்டில் சேமியுங்கள். கணினி கார்டையே அடையாளம் காணவில்லை என்றால் தரவு மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 11: பதிவேற்றியதும் உரிமைக் கோரிக்கை வருகிறது

கோரிக்கை யாரிடமிருந்து, பாட்டின் எந்தப் பகுதிக்கு என்று முதலில் பாருங்கள். கடையில் வாங்கிய லூப்புக்காக (திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்த இசைத்துண்டுக்காக) வந்திருந்தால் உரிமச் சான்றைக் காட்டினால் விலகும். நாட்டார் பாட்டுக்கு வந்திருந்தால், மெட்டு மரபுடையதாயினும் நீங்கள் வேறொருவரின் பதிவிலிருந்து ஏதேனும் எடுத்தீர்களா என்று சோதியுங்கள்.

பழைய திரைப்பாட்டை மறுபடி பாடியிருந்தால் விஷயம் வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, முன்னறிவிப்பும் உரிமத்தொகையும் கொடுத்து மறுபதிவு செய்ய இடம் தருகிறது. ஆனால் அது ஒலிப்பதிவுக்கு மட்டுமே. காட்சியோடு இணைக்கும் உரிமையைப் பாட்டின் உரிமையாளரிடம் தனியே எழுதி வாங்க வேண்டும். அதை வாங்காமல் எடுத்துவிட்ட படத்துக்குச் சட்ட அறிவிப்பு வந்துவிட்டால், மறுமொழி எழுதுவதற்கு முன்பே பதிப்புரிமை அறிந்த வழக்கறிஞரிடம் அறிவிப்பையும் உங்கள் ஒப்பந்தங்களையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.